ஆற்று வாசல் துபாஷி

அவரை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அண்ணன் மகளைப் பெண் பார்க்க மலேசியாவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்கள் வீட்டில் பேச்சு தமிழ். எங்கள் பெண்ணுக்கோ பர்மியம்தான் வாய். தமிழ் நிதானமாகப் பேசினால் பாதி புரியும், வேகமாகப் பேசினால் அதுவும் இல்லை. யாங்கோனில் எங்கள் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். வீட்டு ஆட்கள் நடுவில் இருந்து பேசினால் கூட்டியும் குறைத்தும் சொல்லிவிடுவார்கள், வெளியாள் ஒருவர் வேண்டும் என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். கியாக்டடாவில் சூலே பகோடாவுக்குப் பின்னால், மாடியில் ஒற்றை அறை வைத்துப் பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கும் ஓர் அம்மாள் இருப்பதாக யாரோ சொன்னார்கள். அண்ணன் போய் அழைத்து வந்தார்.

பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் மாப்பிள்ளையின் அம்மா தன் தங்கையிடம் திரும்பி, "நிறம் கொஞ்சம் கம்மிதான். பரவால்ல, ஆக்கிப் போடத் தெரிஞ்சாப் போதும்" என்றார். நாங்கள் எல்லாரும் காதில் விழாதது மாதிரி தேநீர்க் கோப்பையைப் பார்த்தோம். மொழிபெயர்க்க வந்த அம்மாள் மட்டும் பெண்ணின் பக்கம் திரும்பி, அதை அப்படியே பர்மியத்தில் சொன்னார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அண்ணன் மகள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த அம்மாள் வந்தவர்கள் பக்கம் திரும்பி, "எனக்கு ஆக்கத் தெரியாது. எழுந்து போகத் தெரியும்" என்று அதையும் தமிழில் சொல்லி முடித்தார்.

சம்பந்தம் அதோடு போயிற்று. அந்த அம்மாளைக் கொண்டுபோய் விடும் வேலை என் தலையில் விழுந்தது. நான் டாக்சி ஓட்டுகிறவன்.

வண்டியில் நான் பொரிந்து தள்ளினேன். "ஒரு வார்த்தைய முழுங்கியிருந்தா என்னம்மா கொறஞ்சு போயிருக்கும்? ஒரு பொண்ணோட வாழ்க்கை!"

அவர் மடியில் கிடந்த குடையை நேராக வைத்துக்கொண்டார். "அந்தம்மா சத்தமாத்தானே சொன்னாங்க. உங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. அந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏன் கேக்கக் கூடாது?"

அடுத்த வாரம் அண்ணன் மகள் என்னிடம் அவர் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கடையில் வாங்கிய ஒரு டப்பா கேக்கோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சமைக்கத் தெரியாது என்று அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் எங்கள் சமூகத்தில் அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் அவரை யாரும் அழைக்கவில்லை, விருந்தாளியாகக்கூட.

பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பர்மியர்களுக்கு அவர் சயாமா, படித்த பெண்களை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். எனக்கு, அந்தக் கோபம் ஆறிய பிறகு, அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை, மண்ணிறக் கைலி, கறுப்புக் குடை. நகை எதுவும் கிடையாது. இறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகின்றன. நோய் பரவி, ஊரே மூச்சுக் காற்றுக்காக சிலிண்டரோடு வரிசையில் நின்ற அந்த ஆடி மாதத்தில் போனார். எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. யார் தூக்கினார்கள், எங்கே எரித்தார்கள் என்று இன்றுவரை சரியாகத் தெரியவில்லை.

ராணுவத்தின் பிடி தளர்ந்து நாடு திறந்துகிடந்த அந்தச் சில வருடங்களில் வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வந்தார்கள். அவர்களோடு வெளியூர் போக வேண்டியிருந்தால் அக்கா என் வண்டியைத்தான் கூப்பிடுவார். முன்னிருக்கையில் உட்காருவார். அவர் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று புரிந்தது. 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று அவர் சொல்லவே மாட்டார். எதிரில் இருப்பவர் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்பார். நாள் முழுக்க நான், நான் என்று பேசுவார், அதில் ஒன்றுகூட அவருடையது இல்லை. பேசியவர் பாதியில் நிறுத்தினால் இவரும் பாதியில் நிறுத்துவார். 'அதாவது' என்ற சொல்லே அவரிடம் கிடையாது. ஒரு தடவை நான் ஏதோ விளக்கப் போய், "அதாவதுக்கா..." என்று தொடங்கினேன். "அதாவதுன்னு ஆரம்பிச்சா உன் சரக்கைச் சேக்கப் போறேன்னு அர்த்தம்" என்றார்.

கப்பல் வேலை கேட்டு வந்த ஒரு பையனிடம் ஒருநாள் அடி வாங்க இருந்தார். கப்பலுக்கு ஆள் எடுக்கும் வெளிநாட்டு ஏஜெண்ட் ஒருவன், ஆங்கிலத்தில் அந்தப் பையனைக் கழுதை என்றான். அக்கா அதே குரலில் பர்மியத்தில் கழுதை என்றார். பையன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கையை ஓங்கினான். அக்கா அசையவில்லை. "நான் சொல்லல, இவர் சொன்னார். திருப்பிச் சொல்றதா இருந்தா சொல்லு, அதையும் சொல்றேன்" என்றார். அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது. அக்கா ஒரு சொல் விடாமல் ஏஜெண்டிடம் சொன்னார்.

அப்படிப்பட்டவர் வேலை முடிந்து ஆறாவது மாடிக்கு ஏறினால், அதன்பிறகு பேச ஆளில்லை. கயிற்றில் கட்டிய கூடையை ஜன்னல் வழியாக இறக்குவார், கீழே மொஹிங்கா, மீன்குழம்பு ஊற்றிய சேவை, விற்கிறவள் அதில் ஒரு பொட்டலம் வைப்பாள், கூடை மேலே போகும். தீபாவளி அன்றைக்கும் அப்படித்தான். "வீட்டுக்கு வாங்கக்கா, என் பொண்டாட்டி நல்லா சமைப்பா" என்று பல தடவை கூப்பிட்டிருக்கிறேன். என் மனைவி பர்மாக்காரி, அவளுக்கும் அக்காவைப் பிடிக்கும். "வரேன் தம்பி" என்பார். வரமாட்டார். உறவு யாரும் இல்லையா என்று ஒரு தடவை கேட்டதற்கு, "ஷ்வேப்யிதாவுல இருக்காங்க" என்றார். ஷ்வேப்யிதா யாங்கோனின் வடக்கு ஓரம், தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி. முக்கால் மணி நேர ஓட்டம். ஒருநாளும் அங்கே போகச் சொன்னதில்லை.

அந்த மதில் ஊருக்குப் போன நாளைத்தான் சொல்ல வந்தேன்.

வெள்ளைக்காரன் இந்த நாட்டைத் துண்டு துண்டாகப் பிடித்தது மூன்று சண்டைகளில். அவற்றில் ஒன்றில், யாங்கோனிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு மதில் சூழ்ந்த ஊரை அவர்கள் பிடித்து, ஒரு சின்னப் படையை உள்ளே விட்டுவிட்டு மேலே போய்விட்டார்கள். கொஞ்சம் வெள்ளைச் சிப்பாய்கள், அதைவிட அதிகமாக மதராஸ் சிப்பாய்கள், நம் ஆட்கள். அவர்கள் போனதும் பர்மியப் படை வந்து ஊரைச் சுற்றி வளைத்துக்கொண்டது. வாரக்கணக்கில் முற்றுகை. உள்ளே மாட்டிக்கொண்ட படையிலிருந்த ஓர் இளம் வெள்ளை அதிகாரியின் பேரனுக்குப் பேரன்தான் எங்களோடு வந்தவர். சொந்த ஊரில் மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்ற, கை லேசாக நடுங்கும் பெரியவர். அந்த அதிகாரி எழுதிய கடிதங்களின் நகல்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் ஒரு சின்னக் கல் நட வேண்டும், அது இப்போது பர்மிய புத்த மடத்தின் நிலமாக இருப்பதால் மடத்துத் தலைமைப் பொங்ஜியிடம், அதாவது துறவியிடம், அனுமதி கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை.

நல்ல மனிதர். வழியில் கடிதங்களைப் படித்துக்கொண்டே வந்தவர், "டிரைவருக்கும் சொல்லுங்கள், அவருடைய ஆட்களும் உள்ளே இருந்தார்களே" என்றார். அக்கா முன்னிருக்கையில் ரோட்டைப் பார்த்தபடி அந்த அதிகாரியாகவே தமிழில் பேச ஆரம்பித்தார்.

"இன்றோடு அரிசி தீர்ந்தது. வண்டி மாடுகளை அறுக்க உத்தரவிட்டேன். மதராஸ் சிப்பாய்கள் அதைத் தொடவில்லை. மதிலோரப் புளிய மரங்களில் கொழுந்து பறித்து அவித்துத் தின்கிறார்கள். ஒரு முணுமுணுப்பும் இல்லை."

கொஞ்ச தூரம் போனதும் பெரியவர் இன்னொரு தாளை எடுத்தார்.

"பொழுது சாயும் வேளையில் எதிரிகள் ஆற்று வாசலுக்கு எதிரே வந்து நின்று கத்துகிறார்கள். எங்கள் இரண்டாவது படைப்பிரிவில் பர்மியம் பேசக் கற்ற மதராஸ்காரன் ஒருவன் இருக்கிறான். அவன்தான் துபாஷி. அவனை வாசல் மேல் ஏற்றி, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். வெறும் வசவு ஐயா, வேறொன்றும் இல்லை என்றான். மறுநாளும் அதையே சொன்னான். பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன்."

"அந்த துபாஷி பேரு என்னவாம்?" என்றேன். அக்கா ஆங்கிலத்தில் கேட்டார். பெரியவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் எழுதியிருக்கவில்லை.

கடைசியில் படகுகளில் உதவிப் படை வந்து முற்றுகையை உடைத்தது. அப்போது மதராஸ் சிப்பாய்களில் பாதிப் பேர்கூட மிஞ்சவில்லை. சண்டையில் போனவர்களைவிடப் பசியிலும் பேதியிலும் போனவர்கள் அதிகம் என்று அந்த அதிகாரியே எழுதியிருந்தார்.

மதில் என்று இப்போது பெரிதாக ஒன்றும் இல்லை. செடி மண்டிய நீண்ட மேடு, அங்கங்கே செங்கல். ஆற்று வாசல் இருந்த இடம் வெறும் இடைவெளி, அதன் வழியாக மோட்டார் சைக்கிள்கள் போய்வந்துகொண்டிருந்தன. பெரியவர் குனிந்து ஒரு செங்கல்லைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நாங்கள் மடத்துக்குப் போனோம்.

பொங்ஜிக்கு அறுபது வயது இருக்கும். வெற்றிலை மென்றபடி மரத்தரையில் உட்கார்ந்திருந்தார். அக்காவும் பெரியவரும் எதிரில் அமர்ந்தார்கள், நான் தூணோரம். பெரியவர் கல்லில் பொறிக்க நினைத்த வாசகத்தை எழுத்துக் கூட்டுகிறவரைப் போல மெதுவாகப் படித்தார். அக்கா பர்மியத்தில் சொன்னார்: "பசியையும் பொருட்படுத்தாமல், தங்கள் சொந்த விருப்பத்தால், கடைசிவரை இந்த மதிலைக் காத்து நின்ற வீரர்கள், வெள்ளையரும் மதராஸ் சிப்பாய்களும், இங்கே உறங்குகிறார்கள்."

பொங்ஜி மெல்லுவதை நிறுத்தினார். "சொந்த விருப்பமா? அவங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

அக்கா அதைச் சொன்னார். பெரியவருக்குப் புரியவில்லை.

பொங்ஜி சொல்ல ஆரம்பித்தார். அந்த மடத்தில் ஒரு பொங்ஜி அடுத்த பொங்ஜிக்குச் சொல்லி வந்த கதை. முற்றுகை போட்ட தளபதி, குரல் வளம் உள்ள ஒருவனைப் பிடித்துத் தினமும் சாயங்காலம் ஆற்று வாசலுக்கு எதிரே நிறுத்துவார். அவன் பர்மியத்தில் இப்படிக் கூவுவான்: "உள்ள இருக்கிற கலாக்காரங்களே! உங்க மேல எங்களுக்குப் பகை இல்ல. துப்பாக்கியக் கீழ வச்சிட்டு இந்த வாசல் வழியா வெளிய வாங்க. சோறு வடிச்சு வச்சிருக்கோம். ஆத்துல படகு நிக்குது. உங்க ஊருக்குப் போய்ச் சேருங்க."

கலா என்பது இந்த நாட்டில் எங்களுக்கு உள்ள பெயர். தெருவில் யாராவது சொன்னால் வசவு, பழைய கதையில் வந்தால் வெறும் பெயர். அக்கா ஆங்கிலத்தில் அதைக் கலா என்றே சொன்னார். "அது யார்?" என்று பெரியவர் கேட்டார். "என்னைப் போன்றவர்கள்" என்றார் அக்கா.

"தினமும் சோத்துப் பானைய அவங்க கண்ணுல படுற மாதிரி வச்சாங்க" என்றார் பொங்ஜி. "ஒருத்தனும் வெளிய வரல. சோறு நாய்க்குப் போச்சு. இப்பவும் வருஷத்துக்கு ஒரு நாள் அந்த வாசல்ல நாங்க ஒரு பானை சோறு வைக்கிறோம். பசியோட போனவங்க பாருங்க."

பெரியவர் பிளாஸ்டிக் உறையைத் திறந்தார். அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, விரலை வைத்து, 'வெறும் வசவு ஐயா, வேறொன்றும் இல்லை' என்ற வரியை மறுபடி படித்தார். அக்கா அதைப் பர்மியத்தில் சொன்னார். பொங்ஜி தலையை ஆட்டாமல் கேட்டுக்கொண்டார்.

உள்ளே ஒரு கதை, வெளியே ஒரு கதை, இரண்டுக்கும் நடுவில் அந்த வாசல் மேல் பெயர் தெரியாத ஒரு தமிழன் நின்றுகொண்டிருந்தான். எனக்கே அது புரிந்துவிட்டது.

பெரியவர் கடைசியில் சொன்னார். அக்கா அதையும் சொன்னார்: "அப்படியென்றால் துபாஷி பொய் சொல்லியிருக்கிறான்."

அந்த ஒரு வாக்கியத்தில் அக்காவின் குரல் இறங்கியது. இத்தனை வருடத்தில் அப்படிக் கேட்டதில்லை.

பொங்ஜி இப்போது பெரியவரைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார். "நீங்களும் இதே வேலைதானே செய்றீங்க, சயாமா. அன்னைக்கு அந்த வாசல் மேல நீங்க நின்னிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

ஆற்றில் ஒரு மோட்டார் படகு நெருங்கி வந்து, எங்களைக் கடந்து, சத்தம் தேய்ந்து போகும்வரை அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியல, ஃபயா" என்றார். துறவிகளை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

"என்ன கேட்டார்?" என்றார் பெரியவர்.

"அது என்னிடம் கேட்டது" என்றார் அக்கா. அதற்குமேல் மொழிபெயர்க்கவில்லை.

பெரியவர் கல் வாசகம் எழுதிய தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கல் வேண்டாம், வாசலில் வைக்கும் அந்தச் சோற்றுக்கு நான் அரிசி வாங்கித் தரலாமா என்று கேட்டார். தரலாம் என்றார் பொங்ஜி. கடைத்தெருவில் ஒரு மூட்டை வாங்கி, நானே தோளில் சுமந்து மடத்துச் சமையற்கட்டில் இறக்கினேன். கிளம்பும்போது பெரியவர் அந்தத் துபாஷி வரும் பக்கத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் அவர் பின்னிருக்கையில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். அக்கா அந்தத் தாளை மடியில் வைத்திருந்தார். வெகு நேரம் கழித்துத் தமிழில் பேசினார்.

"அவன் பக்கத்துல ஒரு துரை துப்பாக்கியோட நின்னிருப்பான், தம்பி. உண்மையச் சொன்னா நம்ம ஆளுங்க துப்பாக்கியப் பிடுங்கிக் கட்டிப் போட்டிருப்பாங்க. அதுக்காகப் பொய் சொன்னானா?"

"இருக்கும்கா."

"இல்ல, வெளிய போனா வெட்டிடுவாங்கன்னு பயந்தானா? நம்ப முடியாதுல்ல?"

"அதுவும் இருக்கும்."

"துரைகிட்ட வசவுன்னு சொல்லிட்டான், சரி. வாசல்ல இருந்து கீழ எறங்கி வந்து நம்ம ஆளுங்ககிட்ட தமிழ்ல என்ன சொன்னான்? அதச் சொன்னானா, அங்கயும் வசவுன்னுட்டானா?" தாளை விரலால் தட்டினார். "அது இந்தக் கடுதாசியிலயும் இல்ல, அந்தப் பொங்ஜிகிட்டயும் இல்ல. எனக்கு அதுதான் வேணும்."

அதன் பிறகுதான் தன் கூடப்பிறந்த தம்பியைப் பற்றிச் சொன்னார். அவருக்கு ஒரே ஒரு தம்பி. ஷ்வேப்யிதாவில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை. பர்மாக்காரப் பெண்ணைக் கட்டியிருந்தான், ஒரு பெண் குழந்தை. வயிற்றில் நோய் முற்றிய பிறகு, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு டாக்டர் இலவசமாகப் பார்க்கிறார் என்று அவனை அழைத்துப் போனார்கள். டாக்டருக்கு ஆங்கிலம், தம்பிக்குப் பர்மியம். நடுவில் அக்கா. அறைக்கு வெளியே தம்பி மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன சொன்னாலும் அவரிடம் சொல்லாதீங்க என்று கெஞ்சியிருக்கிறாள். உள்ளே போனதும் தம்பி நேராக டாக்டரைப் பார்த்து, எனக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டான்.

"அவன் கேட்டதச் சொன்னேன். அவர் சொன்னதச் சொன்னேன். ரெண்டு மாசம், மிஞ்சினா மூணு."

வீட்டுக்குப் போன தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சாப்பாடு இறங்கவில்லை. இருபதாவது நாள் போய்விட்டான். அந்த இருபது நாளும் தம்பி மனைவி அக்காவை வீட்டுக்குள் விடவில்லை. "நோயி கொல்லல, உங்க வாய்தான் கொன்னுச்சு" என்று எரித்த இடத்தில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறாள் அந்தப் பெண். எட்டு வருடமாகப் பேச்சில்லை.

"நான் பொய் சொல்லியிருந்தா அவன் இன்னும் ரெண்டு மாசம் சோறு தின்னிருப்பான்ல?"

"நீங்க சரியாத்தான்கா செஞ்சீங்க."

"உன்னக் கேக்கல, தம்பி" என்றார் மெதுவாக.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்து, "ஷ்வேப்யிதா" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். "அந்த இருபது நாள்ல அவன் என்னப் பத்தி என்ன பேசினான்னு கேக்கணும். திட்டியிருந்தாலும் பரவால்ல."

தொழிற்சாலைச் சுவர் ஓரமாகப் போகும் மண் தெரு. மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை, வாசலில் சாக்கடை மேல் ஒரு பலகை. தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், அதற்கு மேலே தெரிந்தாள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த பதினாலு வயதுப் பெண்ணைப் பின்பக்கம் போகச் சொன்னாள். அந்தச் சிறுமியின் நெற்றியும் மூக்கும் அச்சாக அக்காவுடையவை. தம்பி மனைவி எங்களைப் பாயில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். தேநீர் இல்லை, வெறும் தண்ணீர். அக்கா சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல" என்றாள் அவள்.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

அக்கா தண்ணீரை முழுக்கக் குடித்தார். எழுந்தார். தம்பி மகளுக்காகக் கொண்டுவந்திருந்த துணிப் பொட்டலத்தைப் பாயில் வைத்தார். பலகையைத் தாண்டி, குடையை விரித்துக்கொண்டு வண்டிக்குப் போனார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கோ" என்று கூப்பிட்டாள் தம்பி மனைவி. பர்மியர்கள் அண்ணனை அப்படிக் கூப்பிடுவார்கள். கதவைப் பிடித்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் வேக வேகமாகப் பேசினாள். "அவர் அவங்களத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். கடைசி நாள் வரைக்கும். நான்தான் ஆள் அனுப்பல. அத அவங்ககிட்டச் சொல்லிடுங்க. என்னால சொல்ல முடியல. சொல்லிட்டு, இனிமே இங்க வர வேண்டாம்னும் சொல்லுங்க. அவங்க முகத்தப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

பலகைக்கும் வண்டிக்கும் இடையில் பத்தடி தூரம் இருக்கும். நான் அதை எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தேன். எட்டு வருடம் இந்த அக்கா ஆறாவது மாடியில் தனியாகச் சாப்பிட்டிருக்கிறார். அவன் கூப்பிட்டான், இவருக்குச் சொல்லவில்லை, இப்போது வரவும் வேண்டாம். இதை எந்த வாயால் சொல்வது? வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைப் போட்டேன்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்லக்கா. அடுத்த மாசம் வீடு மாறப் போறாங்களாம். வர்றதா இருந்தா கேட்டுக்கிட்டு வரச் சொன்னாங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே அந்தத் தட்டிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதச் சொல்லவா அவ்வளவு நேரம் ஆச்சு?"

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி. அவ என்ன சொன்னாளோ அதச் சொல்லு."

"உங்களக் கேட்டுக்கிட்டே இருந்தாராம்..."

"'இருந்தாராம்' வேண்டாம். அவ சொன்ன மாதிரி சொல்லு."

சொன்னேன். அவள் பேசிய வரிசையில், அவள் சொன்ன 'நான்' எல்லாவற்றையும் நானாகவே வைத்து, கடைசி வரைக்கும் சொன்னேன். இனிமே இங்க வர வேண்டாம். அவங்க முகத்தப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு சிரமப்பட்டு எதையும் பேசியதில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினார். "மொதல்ல கேட்டார்னு சொன்னே. அப்புறம் கூப்பிட்டார்ங்கிறே. அவ எதச் சொன்னா?"

பர்மியத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். நான் அவள் குரலை மறுபடி காதில் ஓட்டிப் பார்த்தேன். "கூப்பிட்டார்னுதான்கா."

"கூப்பிட்டான்" என்றார் அக்கா, தமிழில், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. இன்னொரு தடவையும் சொன்னார்.

வண்டியை எடுத்தேன். இன்செயின் ரோட்டில் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது, அவர் பக்கத்துக் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். சூலே வந்து சேர்ந்தோம். அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். கதவைத் திறந்தவர் இறங்காமல் ஒரு காலை வெளியே வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மழை அவர் கைலியை நனைத்துக்கொண்டிருந்தது.

"சரியாச் சொன்னே, தம்பி" என்றார். பிறகு குடையை விரித்துக்கொண்டே, "அதுக்கு முன்னால ஒரு பொய் சொன்னியே, எனக்காக" என்றார். "அதுக்கும் சேத்து நன்றி."

படியேறிப் போனார். ஆறு மாடி. ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டு ஜன்னல் வழியாக அந்தக் கறுப்புக் குடை தெரிகிறதா என்று வண்டிக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.